மஞ்சள் அட்டைக்காரி

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுகிறேன். இருந்தாலும் அடிக்கவிட்டு நிறுத்துகிறேன். படுக்கையில் என் பக்கத்தை மட்டும் சரி செய்கிறேன். அந்தப் பக்கம் கலைவதில்லை. பல் துலக்குகிறேன். கெட்டிலில் தண்ணீர் வைக்கிறேன். அது கொதிப்பதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட முடியும். முதலில் காலர், பிறகு கை, முதுகு, கடைசியில் பொத்தான் பக்கம். ஷூவைத் துடைக்கிறேன். இரண்டு கோப்பைத் தேநீர். ஒன்றில் சர்க்கரை கிடையாது. அது அத்தைக்கு.

அத்தை என் மனைவியின் அம்மா. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எங்களோடு வந்து இருந்தார். மகள் போன பிறகும் போகவில்லை. அவருக்கும் வேறு இடமில்லை, எனக்கும் போகச் சொல்லத் தோன்றவில்லை. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறவன் பொய் சொல்கிறானா என்று முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவார் என்பாள் மனைவி.

கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு அத்தை கேட்பார். தினமும் கேட்பார்.

"கடைசியா என்னதான் சொன்னா அவ?"

"ஒண்ணும் சொல்லல அத்தை. டீ ஆறுது."

இன்றும் கேட்டார். ஆனால் இன்று எனக்கு முன்பே எழுந்து, தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் சொல்லலன்னு நீங்க சொல்றீங்க மாப்ள. உங்க மேனேஜரு போன்ல என்ன சொன்னாரு தெரியுமா? அவ கடைசியாப் பேசினத பலகையில எழுதி வச்சிருக்காராம். தொறந்து காட்டப் போறாராம். ரெண்டு பேர்ல ஒருத்தர் புளுகுறீங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்தை."

"ஆகட்டும். பஸ்ஸு நேரமெல்லாம் எங்கிட்டயேவா?"

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வழி முழுக்க நடத்துநர் சில்லறை கொடுக்கும் விதத்தைக் கவனித்துக்கொண்டு வந்தார்.

நான் வேலை பார்ப்பது ஒரு லிஃப்ட் கம்பெனியின் அவசர உதவி அறையில். ஜன்னல் கிடையாது. மேஜைகள், திரைகள், ஹெட்செட்டுகள். நகரத்தில் எந்தக் கட்டடத்திலாவது எங்கள் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணி படம் போட்ட பொத்தானை அழுத்துவார். எங்களில் ஒருவர் காதில் கேட்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வேலை. முதல் வாக்கியத்தைக் கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். 'பயப்படாதீங்க, நான் இருக்கேன்.'

என் மனைவியும் அதே அறையில்தான் இருந்தாள். எனக்கு எதிர் மேஜை. அந்த வாக்கியத்தை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"பயப்படாதன்னு சொன்னாத்தான்டா, அடடா, இதுல பயப்பட என்னமோ இருக்கு போலன்னு அவனுக்கே தோணும்" என்பாள்.

அவள் பேச்சு வேறு மாதிரி. "உள்ள எத்தனை பேரு இருக்கீங்க? நாலா? அதுல உங்களுக்குப் பிடிக்காதவங்க யாராவது உண்டா? உண்டா! அப்ப இதான் சான்ஸ். மனசுல இருக்கறதெல்லாம் கொட்டிடுங்க. அவங்களால எங்கயும் ஓட முடியாது." மூடிய பெட்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். மெக்கானிக் கதவைத் திறக்கும்போது உள்ளே இருந்தவர்கள் நெருங்கிய உறவுக்காரர்கள் மாதிரி வெளியே வருவார்கள்.

நாங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பு. வீட்டில் அவளுக்கு நான் 'டா'. அலுவலகத்தில் அது கூடாது என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். புருஷன் பெண்டாட்டி எல்லாம் வாசலோடு சரி. அவள் அதைத் தேவைக்கு மேல் கடைப்பிடித்தாள். "சார், உங்க வீட்டம்மா இன்னிக்கு டப்பாவுல ஸ்பூன் வைக்கல போல. கேட்டுச் சொல்லுங்க சார்." அறையே சிரிக்கும். அந்த வாசலுக்குள் ஒரு முறைகூட அவள் வாயில் 'டா' வந்ததில்லை.

மேனேஜருக்கு 'விசில்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். கத்துவதற்கு முன் அவருக்கு மூக்கில் ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் எல்லோரும் ஹெட்செட்டைச் சரி செய்துகொள்வோம். எனக்கு அவள் வைத்த பெயர் 'ஃப்ரிட்ஜ்'.

வருடத்தில் பாதிப் பேர் வேலையை விட்டு ஓடினார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போனார், திரும்பவில்லை. அதன் பிறகு கம்பெனி ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. வேலை நெருக்கடியை ஒவ்வொரு மனிதனும் தன் சுபாவப்படிதான் சமாளிக்கிறான், அந்தச் சுபாவத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்றார். கேள்விகள் கொடுத்தார், கோடிட்ட பதில்களுக்குப் புள்ளிகள் கூட்டினார். மனிதர்களில் நாலு நிறம். கத்துகிறவன் சிவப்பு. அழுது தீர்ப்பவன் பச்சை. கையிலுள்ளதை முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்வேன் என்பவன் நீலம். சிரிக்கிறவன் மஞ்சள்.

"மனுஷன்னு நெனச்சேன், பெயின்ட் கடை வச்சிருக்காரு" என்றாள் மனைவி.

அவரும் சிரித்தார். அவளைக் காட்டி மேனேஜரிடம் சொன்னார்: "இவங்கள நெருப்புல போட்டாலும் சிரிப்பாங்க சார்."

"எடுத்துக் குடுக்காதீங்க. போட்டுப் பாத்துடுவாரு" என்றாள்.

போட்டுப் பார்த்தார்.

ஒவ்வொருவர் திரையின் மேலும் அந்த நிறத்தில் ஒரு அட்டை தொங்கியது. அந்த வாரமே அழைப்புகளைப் பிரிக்கும் முறை மாறியது. பொத்தானில் தெரியாமல் முட்டியவர்கள், எந்த மாடி என்று கேட்பவர்கள் பச்சைக்கு. மெக்கானிக்கோடு பேசுவது, புகார்களுக்குப் பதில் எழுதுவது நீலத்துக்கு. இருட்டில் மாட்டிக்கொண்டவர்கள், மூச்சு முட்டுகிறது என்று அலறுகிறவர்கள், தனியாக மாட்டிக்கொண்ட குழந்தைகள் எல்லாம் மஞ்சளுக்கு. எங்கள் ஷிஃப்டில் மஞ்சள் ஒரே ஒருத்திதான். சிவப்பு மேனேஜர் மட்டும். அவருக்கு அழைப்பே வராது.

பச்சை அட்டைக்காரி ஒருத்தி இருந்தாள். 'டிஷ்யூ' என்போம். மோசமானவள் இல்லை. அழத் தெரிந்தவள், அவ்வளவுதான். அட்டை வருவதற்கு முன் எப்போதாவது அழுவாள். அட்டை வந்த பிறகு அழுவது அவள் உரிமையாகிவிட்டது. அழுதால் ஓய்வறை, அழுதால் அரைநாள் விடுப்பு. மேனேஜரும் சிவப்பு என்று தெரிந்த பிறகு மனசாட்சி உறுத்தாமல் கத்தினார். "நான் சிவப்புப்பா, என்ன பண்ணச் சொல்ற?" என்பார். நானும் அப்படித்தான். நீலம் என்று எழுதித் தொங்கவிட்ட பிறகு யாரும் என்னிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. நானும் யாரையும் கேட்பதில்லை.

மனைவி வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். வெகுநேரம் வரமாட்டாள். வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும். தண்ணீர் கதவுக்கு அடியில் வெளியே வரும். நான் துணி எடுத்துத் துடைப்பேன்.

"உள்ள என்ன பண்றா?" என்று அத்தை கேட்பார்.

"குளிக்கிறா."

"தலை நனையாமலா?"

வெளியே வந்தவள் அன்றைக்கு மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் நடித்துக் காட்டுவாள். பயத்தில் ஆங்காரம் வந்தவன், சாமியாரானவன், மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்ற பெண். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். தனியாக மாட்டிக்கொண்ட குழந்தைகளை மட்டும் அவள் நடிக்கவில்லை.

பிறகு தலைவலி வந்தது. பிடரியில் ஆரம்பித்துக் கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றாள். அதையும் அவள் பாணியில்தான் சொன்னாள்.

"என் தலைக்குள்ள யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு மணி அடிச்சுக்கிட்டே இருக்காங்க. எடுத்துப் பேசத்தான் ஆளில்ல."

மேனேஜரிடம் விடுப்புக் கேட்கப் போனபோதும் அதையே சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தலையை நீட்டி அறைக்கே கேட்கும்படி சொன்னார்: "மஞ்சளுக்கே தலைவலின்னா பச்சைக்கு என்ன வரும்? பிரசவ வலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்ய? மேஜைக்குத் திரும்பி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். அன்று மாலை வீட்டில் மேனேஜர் அதைச் சொன்ன விதத்தை நடித்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் மேனேஜர் பல் பிடுங்கிக்கொண்டு நேராக அலுவலகம் வந்தார். மரத்துப்போகப் போட்ட ஊசி இன்னும் இறங்கவில்லை. வாயின் ஒரு பக்கம் கீழே தொங்கியது. வந்ததும் யாரையோ கத்த ஆரம்பித்தார். வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. மூக்கு விசில் அடித்தது, வாய் பின்தொடரவில்லை. எங்களால் அடக்க முடியவில்லை. அவர் உள்ளபடியே கெஞ்சினார்.

"சிழிக்காதீங்க. நான் நடிக்கலப்பா. நெசமாவே வாய் மழத்துப் போச்சு."

அவள் கண்ணில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அவர் தடுப்புக்குள் போனதும் எழுந்து நின்றாள். ஒரு பக்க உதட்டைத் தொங்கவிட்டாள். ஒரு கையை உயர்த்தினாள். "நான் நடிக்கலப்பா" என்றாள். தேநீர் இடைவேளையில் மறுபடி கேட்டார்கள், மறுபடி செய்தாள். மேஜை மேல் தலையை வைத்துச் சிரித்தவர்கள் உண்டு. டிஷ்யூவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. "பாருங்க, முதல் தடவையா நல்ல காரணத்துக்கு அழுவுறா" என்றாள் மனைவி.

மதியம் நகரத்தின் ஒரு பகுதிக்கு மின்சாரம் போனது. லிஃப்டுகள் கொத்துக் கொத்தாக நின்றன. திரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். மேனேஜர் தடுப்பிலிருந்து வெளியே வந்து நடுவில் நின்று கத்தினார். என்ன சொல்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

எங்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரால் தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்க வேண்டும். வாயால் எதுவும் சொல்லக் கூடாது, மாட்டிக்கொண்டவர் காதில் விழும். கையைப் பார்த்ததும் யாராவது அந்த அழைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். டிஷ்யூ ஆரம்பத்திலேயே கையைத் தூக்கிவிட்டாள். அவளுக்கு வந்தவை எல்லாம் மஞ்சளுக்குப் போயின. மஞ்சள் இதுவரை நிஜமாகக் கையைத் தூக்கியதே கிடையாது. தூக்கினால் அது ஏதாவது கூத்துக்காகத்தான் இருக்கும். பள்ளிப் பிள்ளை மாதிரி சுண்டு விரலைக் காட்டுவாள், அந்த மாதிரி.

எனக்கு ஒரு காதில் மெக்கானிக். ஒரு மருத்துவமனை லிஃப்டை அவன் இயந்திர அறையில் நின்று கையால் சக்கரம் சுற்றி இறக்கிக்கொண்டிருந்தான். உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண். பெட்டி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. என் திரையில்தான் தெரியும். தளத்துக்கு நேராக வரும்போது நான் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

எதிர் மேஜையில் அவள் எழுந்து நின்றாள். ஹெட்செட் ஒரு பக்கம் சரிந்திருந்தது. வாயின் இடது பக்கம் தொங்கியது. வலது கையைத் தூக்கினாள். இடது கை மேஜை விளிம்பில் இடித்துக் கீழே விழுந்து ஆடியது. ஏதோ சொன்னாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

அறை வெடித்தது. அந்த நெருக்கடியில், அத்தனை சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவில், அது எல்லோருக்கும் தேவைப்பட்டது. யாரோ கை தட்டினார்கள். "கைய ஆட்றத பாரு, கைய ஆட்றத பாரு" என்று ஒரு குரல். மேனேஜர் திரும்பினார். முகம் சிவந்தது. "என் முன்னாலயேவா?" என்று கத்தினார். அதுவும் வழுக்கியது. சிரிப்பு இரண்டு மடங்கானது.

அவள் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மறுபடி சொன்னாள்.

நான் ஒரு விரலைக் காட்டினேன். ஒரு நிமிடம்.

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அங்கே இல்லை. தரையில் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். விழுவதும் அதில் சேர்த்தி என்று நினைத்தார்கள். திரையில் பெட்டி தளத்துக்கு நேராக வந்தது. "நிறுத்து" என்றேன். நிறுத்தினான். கதவு திறந்தது, ஸ்ட்ரெச்சர் வெளியே போயிற்று. அதன் பிறகு ஹெட்செட்டைக் கழற்றினேன். அந்த அழைப்புக்கு எனக்குப் பாராட்டு வந்தது.

மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். அவள் கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

"முன்னாடி தலைவலின்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"சொன்னா."

"எப்படிச் சொன்னாங்க? கடுமையான வலின்னா?"

"ஜோக்கா சொன்னா."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று எனக்கு வந்த முதல் புகார் ஒரு பெரியவருடையது. மின்சாரம் போன அன்று இருட்டில் மாட்டிக்கொண்டிருந்தவர். உங்கள் ஊழியர் குடித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தார், நாக்குழறிப் பேசினார், பிறகு பேச்சையே நிறுத்திவிட்டார், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். புகார்களுக்குப் பதில் எழுதுவது நீலத்தின் வேலை. 'சம்பந்தப்பட்ட ஊழியர் தற்போது பணியில் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். திருப்தி என்று பதில் வந்தது.

டிஷ்யூவுக்கு ஒரு வாரம் விடுப்பு கொடுத்தார்கள். என் மனைவி இறந்த துக்கத்துக்காக. எனக்கு வேலைதான் மருந்து என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

இன்று பயிற்சிக் கூடத்துக்கு அவள் பெயர் வைக்கிறார்கள்.

அத்தையை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். மேனேஜர் என்னைத் தடுப்புக்குள் அழைத்தார். நாற்காலியைக் காட்டினார். நான் நின்றுகொண்டேன்.

"அம்மாகிட்ட அன்னிக்கு நடந்தது எதுவும் சொல்லலையே?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. யாருக்கும் பிரயோஜனமில்ல. வயசானவங்க, பாவம். ஒரு நல்ல வார்த்தைய வச்சுக்கிட்டு மிச்ச நாள ஓட்டட்டும்."

"பலகையில என்ன எழுதியிருக்கு சார்?"

அவர் சொன்னார்.

"அது சுவத்துல ஒட்டியிருக்கறது சார்."

"அதான்யா. அத நாம எல்லாருமே தினம் சொல்றோம். அவங்களும் சொல்லியிருப்பாங்கல்ல? ஸ்டாஃப் எல்லார்கிட்டயும் பேசிட்டேன். எல்லாருக்கும் சம்மதம்." மூக்கில் லேசாகச் சத்தம் வந்தது. "நீங்க நீலம். உங்களப் பத்தி எனக்குக் கவலையே இல்ல."

கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சுவரோரமாகத் தேநீரும் பிஸ்கட்டும். மேடையில் ஒரு மேஜை, அதில் மைக். பின்னால் துணி போட்டு மூடிய பலகை. எனக்கும் அத்தைக்கும் மேடையில் நாற்காலி போட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் கழுத்தில் ஏற்கெனவே நிற அட்டைகள் தொங்கின. இப்போது எங்கள் ஷிஃப்டில் மூன்று மஞ்சள்.

பயிற்சியாளர் பேசினார். நெருக்கடியைச் சிரிப்பால் வென்றவர் என்றார். கடைசி நிமிடம்வரை அந்த முகத்தில் சிரிப்பு மாறவில்லை என்றார். பாதி முகத்தில் மாறியிருந்தது. அவர் அன்று அந்த அறையில் இல்லை.

மேனேஜர் பேச எழுந்தார். அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. அது எனக்குச் சங்கடமாக இருந்தது. "லைன்ல ஒரு பெரியவர். இருட்டு. இவங்களுக்கு உடம்பு முடியல. அப்பவும் தன் வேதனையச் சொல்லல. அவருக்கு தைரியம் சொன்னாங்க. அதுதான் அவங்க கடைசி வார்த்தை" என்று சொல்லித் துணியை இழுத்தார்.

மஞ்சள் விளிம்பு போட்ட பலகை. அவள் படம். கீழே: 'பயப்படாதீங்க, நான் இருக்கேன்.'

கை தட்டினார்கள். டிஷ்யூ அழுதுகொண்டே தட்டினாள்.

அத்தை எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனார். எழுத்துக் கூட்டுவதுபோல மெல்லப் படித்தார். திரும்பி மைக் இருந்த மேஜை அருகில் வந்தார். மேனேஜர் மைக்கை அவர் பக்கம் நகர்த்தினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்திருப்பார்.

"இத அவ சொன்னாளா?"

கூடம் முழுக்க எதிரொலித்தது.

"ஆமாம்மா. நாங்க எல்லாருமே கேட்டோம்" என்றார் மேனேஜர்.

அத்தை கூடத்தைப் பார்த்தார். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் முன்பக்கம் இருந்தார்கள். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். டிஷ்யூ மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆட்டினாள்.

"காலமெல்லாம் கவுன்ட்டர்ல உக்காந்தவ நான்" என்றார் அத்தை. "இத்தன பேரு ஒரே மாதிரி தலையாட்டினா அதுக்குப் பேரு ஒத்திகை."

பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டு நிறுத்தினான்.

"அம்மா, நீங்க உக்காருங்க. உணர்ச்சிவசப்படாதீங்க."

"இருங்க தம்பி. இந்த வாசகத்த வீட்ல கண்ணாடி முன்னால நின்னு கிண்டல் பண்ணுவா என் பொண்ணு. காலையில நான் எழுப்பினா, 'பயப்படாதம்மா நான் இருக்கேன், இன்னும் அஞ்சு நிமிஷம் தூங்கிக்கிறேன்'னு சொல்லுவா. சாவுற நேரத்துல இதப் போயி நெசமா சொல்லுவாளா?" என்னிடம் திரும்பினார். "நீ சொல்லு. மாப்ளன்னு கேக்கல. அங்க இருந்தவன்னு கேக்குறேன். என்ன சொன்னா?"

என்னை அவர் 'நீ' என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

மேனேஜர் என்னைப் பார்த்தார். மைக்குக்குப் பின்னால், அத்தைக்குத் தெரியாதபடி, ஒரு விரலைக் காட்டினார். ஒரு நிமிடம்.

கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. மிச்சத்தைக் குடித்து முடித்தேன். கோப்பையை மேஜையில் வைத்தேன். மைக் திறந்திருந்தது. சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

"அன்னிக்குக் காலையில மேனேஜருக்கு வாய் மரத்துப் போயிருந்தது அத்தை. அத மாதிரி நடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தா. எல்லாரும் சிரிச்சாங்க. மத்தியானம் நெசமாவே அவளுக்கு வாய் கோணிடுச்சு. கையத் தூக்கினா. ஒண்ணு சொன்னா. காலையில நடிச்ச அதே வார்த்தை. இன்னும் நல்லா நடிக்கிறான்னு கை தட்டினாங்க. இவங்கதான். இப்ப தட்டின மாதிரியே."

அத்தையின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. மேனேஜரின் மூக்கில் சத்தம் வந்தது. வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அப்பறம் என்னப் பாத்து சொன்னா. ஆபீஸ்ல என்னைய சார்னுதான் கூப்பிடுவா, உங்களுக்கே தெரியும். அன்னிக்கு அப்படிக் கூப்பிடல. எனக்குக் கேட்டுச்சு. நான் ஒரு நிமிஷம்னு விரலக் காட்டினேன்."

"என்ன சொன்னா?" என்றார் அத்தை.

"நான் நடிக்கலடா."